அண்ணாச்சி பதில்கள்: மெடல் வாங்கிட்டா ப்ரோ பாக்சிங் போயிரலாமா?

போன இதழ்ல வேற ஒரு கேள்விக்கு பதில் சொல்லும்போது அயர்லாந்து பாக்சர் கேட்டி டெய்லர் பேரை ஒரே ஒரு வரியில சொல்லியிருந்தேன். அதைப் பிடிச்சுக்கிட்டு தென்காசியில இருந்து பாளை வரைக்கும் லெட்டரும் வாட்ஸப்புமா வந்து குவிஞ்சிட்டு. அதனால இந்த தடவை சினிமா, அரசியல், குடும்பம் எல்லாத்தையும் அடுத்த இதழுக்கு தள்ளி வச்சாச்சு, முழுசும் பாக்சிங்தான்.

அண்ணாச்சி, அந்த கேட்டி டெய்லர் யாரு? எனக்கு பாக்சிங்னா முகமது அலியும் டைசனும்தான். கொஞ்சம் விவரமா எழுதுங்க.
- மளிகைக் கடைக்காரர், தென்காசி

சொல்லுதேன் அண்ணாச்சி, கடையில கூட்டம் குறைஞ்ச நேரமாப் பாத்து உக்காந்து படிங்க, கொஞ்சம் நீளமாத்தான் வரும்.

கேட்டி பிறந்தது 1986 ஜூலை 2. ஊரு ப்ரே, டப்ளினுக்கு தெக்க கடலோரமா இருக்கிற சின்ன டவுன். அப்பா பீட் டெய்லர் எலக்ட்ரீஷியன், அதோட 1986 ல லைட் ஹெவிவெயிட்ங்கிற எடைப்பிரிவுல அயர்லாந்து சாம்பியன், அம்மா பிரிட்ஜெட்டும் பாக்சிங்ல ரெஃப்ரி, ஜட்ஜ் சோலி பாத்தவிய. அப்பாதான் கோச். அவிய பழகுன கிளப் துறைமுகத்துக்கிட்ட இருந்த ஒரு பழைய படகுக் கொட்டகை, உள்ள கக்கூஸ் கூட கிடையாது, அவசரம்னா பக்கத்துல இருக்கிற பாருக்கு ஓடணும், பின்னால ஒலிம்பிக் தங்கம் வாங்குன பிள்ள அங்கனதான் தெனமும் போய் குத்துப் பழகியிருக்காவ.

அப்போ அயர்லாந்துல பொம்பளைப் பிள்ளைக பாக்சிங் போட்டியில இறங்க அனுமதி இல்லை. அதனால சின்ன வயசுல 'கே. டெய்லர்'னு மட்டும் பேரு குடுத்து, முடியை ஹெட்கார்டுக்குள்ள சுருட்டி மறைச்சுக்கிட்டு பையன் மாதிரி ரிங் ஏறுவாவ, சண்டை முடிஞ்சு ஹெட்கார்டைக் கழட்டும்போதுதான் அது பொண்ணுன்னு அரங்கத்துக்கே தெரியும், தோத்த பையனோட அப்பன் முகம் எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. பொறவு 2001 அக்டோபர் 31, டப்ளின் நேஷனல் ஸ்டேடியம், அயர்லாந்துல முறைப்படி அனுமதி குடுத்து நடந்த முதல் பெண்கள் பாக்சிங் சண்டை. அதுல ஆடுன ரெண்டு பேர்ல ஒருத்தர் கேட்டி, வயசு 15. ஜெயிச்சாவ. பாக்சிங் மட்டும் இல்ல, அயர்லாந்து பெண்கள் ஃபுட்பால் டீமுக்கும் ஆடியிருக்காவ.

நமக்கு இதுல ஒரு சொந்தம் உண்டு. கேட்டியோட முதல் உலக சாம்பியன் பட்டம் நம்ம டெல்லியில வச்சுத்தான், 2006 ல. அதே போட்டியில மேரி கோம், சரிதா தேவி, ஜென்னி, பக்கத்து கேரளாவுல இருந்து போன லேகா நாலு பேரும் இந்தியாவுக்கு தங்கம் எடுத்தாவ. நாலு இந்தியப் பொண்ணுக உலக சாம்பியன் ஆன அந்த வாரம் நம்ம டீக்கடையில எல்லாம் யாரு பேசுனா சொல்லுங்க, கிரிக்கெட் ஸ்கோருதான் ஓடியிருக்கும், எனக்கு இன்னைக்கும் அது மனசுல கெடந்து உறுத்துது.

டெல்லிக்குப் பொறவு 2008 சீனா, 2010 பார்படாஸ், 2012 மறுபடியும் சீனா, 2014 தென்கொரியா, டெல்லியையும் சேத்து வரிசையா அஞ்சு உலக தங்கம். ஐரோப்பிய சாம்பியன்ஷிப் தங்கம் ஆறு. இவ்வளவு இருந்தும் ஒலிம்பிக் மட்டும் கிடையாது, ஏன்னா பெண்கள் பாக்சிங்கே ஒலிம்பிக்ல இல்லை. 2009 லதான் ஒத்துக்கிட்டாவ, 2012 லண்டன்லதான் முதல் தடவை. அதுக்கு அயர்லாந்து கொடி பிடிச்சு முன்னால நடந்ததும் கேட்டிதான்.

லண்டன் ஃபைனல் ஆகஸ்ட் 9, எதிர்ல ரஷ்யாவோட சோஃபியா ஒச்சிகாவா, இடதுகைக்காரி, பயங்கர புத்திசாலி, தானா முன்னால வரமாட்டாவ, நீ வா நான் திருப்பி அடிக்கேன்னு காத்துக்கிட்டே நிப்பாவ. அப்போ கம்ப்யூட்டர் ஸ்கோரிங், ஜட்ஜுக ஒரே நேரத்துல பட்டனை அமுக்குனாதான் பாயிண்ட் ஏறும். நாலு ரவுண்டு, ரவுண்டுக்கு 2 நிமிஷம். முதல் ரவுண்டு 2-2. ரெண்டாவது முடியும்போது ரஷ்யாக்காரி 4-3 முன்னால. மூணாவது ரவுண்டுலதான் கேட்டி காலை வேகமா எடுத்து வச்சு, உள்ள போய் ரெண்டு மூணு அடி அடிச்சுட்டு அந்தம்மா கையைத் திருப்புறதுக்குள்ள வெளிய வந்துட்டாவ, அந்த ஒரு ரவுண்டு 4-1. கடைசி ரவுண்டு சமம். மொத்தம் 10-8, தங்கம். கூட்டம் பூராவும் அயர்லாந்து ஆளுக, கடல் தாண்டி வந்து உக்காந்திருந்தாவ.

2016 நவம்பர்ல ப்ரோ, அதாவது சம்பளத்துக்கு ஆடுத புரொபஷனல் பாக்சர் ஆனாவ, வயசு 30. மிச்சத்தை கீழ உள்ள பதில்கள்ல சொல்லுதேன். உங்களுக்குத் தெரிஞ்ச டைசன் 58 வயசுல, 2024 நவம்பர்ல, டெக்சாஸ்ல ரிங் ஏறுனாரே, அன்னைக்கு அவருக்கு முந்தின சண்டை கேட்டியுடையது, நெட்பிளிக்ஸ்ல உலகமே பாத்துச்சு. அந்த ராத்திரியில உருப்படியான சண்டைன்னு சொன்னா இவியளுடையதுதான்.

அமெச்சூர், புரொபஷனல் ரெண்டும் ஒரே குத்துதானே, பணம் வாங்குறதும் வாங்காததும்தான் வித்தியாசமா?
- ஓய்வுபெற்ற பி.இ.டி. ஆசிரியர், அம்பாசமுத்திரம்

வணக்கம் சார். நீங்க கபடி பாத்து வளர்ந்த ஆளு, அதனால கபடியை வச்சே சொல்லுதேன். கோயில் கொடைக்கு ராத்திரி ட்யூப்லைட் வெளிச்சத்துல ஆடுத கபடியும் டிவியில வார புரோ கபடியும் பாட்டு ஒண்ணுதான், ஆனா மேட் விரிப்புல கால் வழுக்குறது வேற, மண்ணுல வழுக்குறது வேற, ரெண்டாவது பாதியில மூச்சு எங்க போவுதுங்கிறது வேற. அந்த மாதிரிதான் இதுவும்.

அமெச்சூர்ல ஒரு போட்டிக்குப் போனா பத்து நாளுக்குள்ள நாலு சண்டை அஞ்சு சண்டை வரும், எதிராளி யாருன்னு சீட்டுக் குலுக்கிப் போட்டுத்தான் தெரியும், இன்னைக்கு உசரமான ஆளு, நாளைக்கு குட்டையான இடதுகைக்காரர். யோசிக்க நேரமே கிடையாது. சண்டை சின்னது, கேட்டி லண்டன்ல ஆடும்போது ரெண்டு ரெண்டு நிமிஷமா நாலு ரவுண்டு, இப்ப மூணு மூணு நிமிஷமா மூணு ரவுண்டு. அதனால முதல் மணி அடிச்சதுல இருந்தே ஓட்டம்தான். தொட்டாக்கூட சுத்தமா பட்டா கணக்கு. பெண்களுக்கு தலையில ஹெட்கார்டு உண்டு.

ப்ரோவுல ஹெட்கார்டு கிடையாது, க்ளவுஸ் இன்னும் சின்னது, பெண்கள் உலகப் பட்டச் சண்டைன்னா ரெண்டு நிமிஷமா 10 ரவுண்டு. ஆம்பளைகளுக்கு மூணு நிமிஷமா 12 ரவுண்டு. எதிராளி யாருன்னு ரெண்டு மூணு மாசம் முன்னாலயே தெரியும், அந்த ஒரு ஆளுக்காக மட்டும் கேம்ப் போட்டு பழகுவாவ. அங்க தொட்டுட்டு ஓடுற குத்தை ஜட்ஜு பெருசா எடுக்கமாட்டாரு, வலிக்கணும், எதிராளி நிலைகுலையணும். வயித்துலயும் விலாவுலயும் குடுக்கிற குத்து அமெச்சூர்ல பாயிண்டுக்கு பிரயோஜனம் கம்மி, ப்ரோவுல அதுதான் முதலீடு, மூணாவது ரவுண்டுல விலாவுல விழுந்த அடி எட்டாவது ரவுண்டுல ஆளோட கையைக் கீழ இறக்கும்.

எல்லாத்தையும் விட பெரிய வித்தியாசம், அமெச்சூர்ல ஜெயிச்சா அடுத்த சுற்று, அது விதி. ப்ரோவுல ஜெயிச்சாலும் அடுத்த சண்டையை யாராவது போட்டுக் குடுக்கணும். டிக்கெட் விக்கணும், டிவி வேணும், எதிராளி ஒத்துக்கணும், சண்டையை ஏற்பாடு செய்யுத ப்ரமோட்டருக்கு லாபம் தெரியணும். நல்லா ஆடத் தெரிஞ்ச எத்தனையோ பேரு இந்த இடத்துலதான் காணாமப் போனாவ சார்.

கேட்டி இதை நல்லா புரிஞ்சுக்கிட்டு போனவிய. ப்ரமோட்டர் எடி ஹேர்னை அவியளேதான் தேடிப்போய் பேசுனாவ. ஊரை விட்டு அமெரிக்காவுல கனெக்டிகட் மாநிலத்துல வெர்னன்ங்கிற அமைதியான ஊருல போய் தங்கி, ராஸ் எனாமைட்ங்கிற கோச்கிட்ட முதல்ல இருந்து பழகுனாவ. அஞ்சு தடவை உலக சாம்பியன், ஒலிம்பிக் சாம்பியன், 30 வயசுல போய் நான் புதுசாக் கத்துக்கணும்னு நிக்கிறதுக்கு ஒரு மனசு வேணும். முதல் சண்டை 2016 நவம்பர் 26 லண்டன் வெம்ப்லியில, மூணாவது ரவுண்டுல முடிச்சாவ. ரெண்டே வாரத்துல மான்செஸ்டர்ல அடுத்த சண்டை. ஏழாவது சண்டையிலயே, 2017 அக்டோபர்ல கார்டிஃப்ல, உலக பட்டம்.

நாங்க ரூம்ல எல்லாரும் பாக்சிங் பாக்கிறவங்க. டெல்ஃபின் பெர்சூன் கூட முதல் சண்டையும், செரானோ கூட முதல் சண்டையும் கேட்டிக்கு சும்மா தூக்கிக் குடுத்ததுன்னு ஒருத்தன் சொல்லுதான். நீங்க என்ன சொல்லுதிய?
- கடையநல்லூர் இளைஞர், துபாய்

தம்பி, ரெண்டையும் ஒரே தராசுல போடாதீங்க.

பெர்சூன் சண்டை 2019 ஜூன் 1, நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன். ப்ரோவுல உலகப் பட்டம் குடுக்கிற அமைப்பு நாலு, ஒவ்வொண்ணுக்கும் ஒரு பெல்ட்; கேட்டிகிட்ட அப்பவே மூணு பெல்ட், பெல்ஜியம்காரி பெர்சூன்கிட்ட நாலாவது, அந்தம்மா போலீஸ்லயும் வேலை பாத்தவிய. ஸ்டைலுன்னு பாத்தா அழகே கிடையாது, கையை வீசி வீசி விடாம வந்துக்கிட்டே இருப்பாவ, பின்னால போறதுன்னா என்னன்னே தெரியாது. முதல் பாதியில கேட்டி நல்லா ஆடுனாவ, கடைசி மூணு நாலு ரவுண்டு அடி வாங்கி முகம் வீங்கி, மணி அடிக்கும்போது நிக்கிறதே பெரும்பாடா இருந்துச்சு. பொதுவா ரவுண்டை எடுத்தவங்களுக்கு 10, விட்டவங்களுக்கு 9ன்னு போட்டு ஜட்ஜுக கூட்டுவாங்க; தீர்ப்பு ரெண்டு ஜட்ஜு 96-94 கேட்டிக்கு, மூணாவது ஜட்ஜு 95-95 சமன், கேட்டி ஜெயிச்சாவ. என் கணக்குல அது சமன், பெர்சூன் ஜெயிச்சாவன்னு சொன்னாலும் நான் சண்டைக்கு வரமாட்டேன். அந்தம்மா ட்ரெஸ்ஸிங் ரூமுக்குப் போற வழியில அழுதது நியாயமான அழுகைதான்.

ஆனா கேட்டி அடுத்து என்ன செஞ்சாவங்கிறதையும் உங்க ரூம்காரர்கிட்ட சொல்லுங்க. நாலு பெல்ட்டும் கையில வந்தாச்சு, பெர்சூன் பக்கமே போகாம இருந்திருக்கலாம், ஆரும் கேட்கப்போறதில்ல. 2020 ஆகஸ்ட்ல, கொரோனா நேரம், ப்ரமோட்டர் ஆபீஸ் தோட்டத்துலயே ரிங் போட்டு, ஆளே இல்லாத இடத்துல மறுபடியும் அதே பெர்சூன் கூட ஆடி, மூணு ஜட்ஜும் ஒத்துக்கிட்ட மாதிரி ஜெயிச்சாவ.

செரானோ கதை வேற. அமாண்டா செரானோ பிறந்தது போர்ட்டோ ரிக்கோ, வளர்ந்தது ப்ரூக்ளின், இடதுகை, ஏழு எடைப்பிரிவுல உலகப் பட்டம் எடுத்தவிய. கேட்டி மாதிரி வருஷக்கணக்கா அமெச்சூர் ஆடாம 2009 லயே ப்ரோ ஆனவிய. 2022 ஏப்ரல் 30, மேடிசன் ஸ்கொயர் கார்டன்ல மெயின் சண்டையா ரெண்டு பெண்கள் ஆடுனது அந்த இடத்தோட வரலாற்றுலயே முதல் தடவை. 19,187 பேரு, ஒரு சீட்டு காலி இல்ல. ஆளுக்கு 10 லட்சம் டாலருக்கு மேல சம்பளம், பெண்கள் பாக்சிங்ல அதுக்கு முன்னால அப்படி ஒரு கணக்கு கிடையாது.

அஞ்சாவது ரவுண்டைத்தான் நான் திருப்பித் திருப்பிப் பாத்திருக்கேன். செரானோவோட இடதுகை ஒண்ணு சரியா வந்து விழுந்துச்சு, கேட்டி கயித்தோரம் போயாச்சு, மூக்குல ரத்தம், காலு நிலைகொள்ளல, ரவுண்டு 3 நிமிஷமா இருந்திருந்தா அங்கனயே சண்டை முடிஞ்சிருக்கும்னு நினைக்கேன். அப்படியே நின்னு, தலையை மட்டும் அசைச்சு, கட்டிப்பிடிக்க வேண்டிய நேரத்துல கட்டிப்பிடிச்சு, எப்படியோ மணி அடிக்கிற வரைக்கும் தாக்குப்பிடிச்சாவ. அடுத்து ஆறாவதும் செரானோ பக்கம்தான். அதுக்கு மேலதான் அந்த பழைய அமெச்சூர் காலு வேலை செய்ய ஆரம்பிச்சுது, உள்ள போய் வேகமா அடிச்சுட்டு, இடதுகைக்காரியோட முன்காலுக்கு வெளிப்பக்கமா நகர்ந்துட்டாவ, செரானோ திருப்பி அடிக்கிற எடத்துல ஆளு இல்ல. ஒரு ஜட்ஜு 96-94 செரானோவுக்கு, மத்த ரெண்டு பேரு 97-93, 96-93 கேட்டிக்கு. எனக்கும் கேட்டி ஒரு ரவுண்டு கூடத்தான் வந்துச்சு. இதைத் தூக்கிக் குடுத்ததுன்னு சொல்லுறது நியாயம் இல்ல தம்பி.

2024 நவம்பர்ல, அந்த டைசன் ராத்திரியில செரானோ கூட நடந்த ரெண்டாவது சண்டைக்கு வேணும்னா வாதாடச் சொல்லுங்க. மூணு ஜட்ஜும் 95-94 கேட்டிக்கு, தலை மோதுனதுக்கு கேட்டிக்கு ஒரு பாயிண்ட் குறைச்ச பொறவும். செரானோவோட வலது கண்ணுக்கு மேல அந்த தலை மோதலாலதான் பெரிய வெட்டு, ரத்தம் வழிய வழிய ஆடுனாவ. நான் அந்த ராத்திரி செரானோவுக்குத்தான் குடுத்தேன். கேட்டி மேல எவ்வளவு மதிப்பு இருந்தாலும் கண்ணு பாத்ததைத்தான் சொல்லணும். மூணாவது சண்டை 2025 ஜூலை 11, மறுபடியும் மேடிசன் ஸ்கொயர் கார்டன், அன்னைக்கு சண்டைப் பட்டியல் பூராவும் பெண்கள். அதுல கேட்டி நிதானமா, சண்டை இழுக்காம, தள்ளி நின்னு ஆடி 97-93, 97-93, 95-95. எனக்கு அதுல சந்தேகமே கிடையாது.

கேட்டிகிட்ட ஒரு பழக்கம் உண்டு, தள்ளி நின்னு ஆடுனா சுலபமா ஜெயிக்கிற சண்டையையும், கூட்டம் சத்தம் போட்டா நின்னு குத்துக்குக் குத்து மாத்த ஆரம்பிச்சிருவாவ. அவிய கஷ்டப்பட்ட சண்டை எல்லாமே அதனாலதான்.

அண்ணாச்சி, என் மக காலேஜ் படிக்கா, 19 வயசு. ஸ்டேட் லெவல் பாக்சிங்ல ரெண்டு வெள்ளி வாங்கியிருக்கா. யாரோ ஒருத்தர் ப்ரோ ஆனா லட்சக்கணக்குல சம்பாதிக்கலாம், காண்ட்ராக்ட் ரெடியா இருக்குன்னு சொல்லிட்டாராம். கேட்டி டெய்லர் படத்தை சுவத்துல ஒட்டி வச்சுக்கிட்டு காலேஜை நிறுத்துதேங்கா. அவ அப்பா பாக்சிங்கையே நிறுத்துங்காவ. நான் என்ன செய்ய?
- ஒரு தாய், பாளையங்கோட்டை

தங்கச்சி, முதல்ல உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லுங்க, பாக்சிங்கை நிறுத்த வேண்டாம். ஸ்டேட்ல ரெண்டு வெள்ளிங்கிறது சாமானியம் இல்ல. பொறவு மககிட்ட சொல்லுங்க, ப்ரோவுக்கு இப்ப போக வேண்டாம், காலேஜை நிறுத்தவே வேண்டாம். ஏன்னு விளக்கமா சொல்லுதேன், பிள்ளையையும் கூட வச்சுக்கிட்டே படிங்க.

தாயி, சுவத்துல இருக்கிற அந்த கேட்டி படத்தைப் பாத்து ஒரு கணக்குப் போடு. 2001 ல முதல் சண்டை, 2016 ல ப்ரோ. நடுவுல பதினஞ்சு வருஷம் அமெச்சூர். அந்தப் பதினஞ்சு வருஷத்துல உசரம், குட்டை, இடதுகை, வலதுகை, ஓடுறவங்க, துரத்துறவங்கன்னு அவிய பாக்காத ஆளு கிடையாது. ப்ரோவுல வந்து சந்திச்சதுல கூட பழைய ஆளுக உண்டு, லண்டன் ஒலிம்பிக் காலிறுதியில 26-15 னு ஜெயிச்சாங்களே நட்டாஷா ஜோனஸ், அவியளோட 2021 ல ப்ரோவுல மறுபடியும் மோதுனாவ. செரானோ அடிச்ச அஞ்சாவது ரவுண்டுல அவியளைக் காப்பாத்துனது காண்ட்ராக்ட் இல்ல, ப்ரே ஊரு படகுக் கொட்டகையில பழகுன காலு.

அயர்லாந்துலயே மத்தவங்க என்ன ஆனாங்கன்னும் பாரு. 1992 பார்சிலோனா ஒலிம்பிக்ல மைக்கேல் கரூத்துன்னு ஒரு ராணுவ வீரர், வெல்டர்வெயிட் எடைப்பிரிவுல தங்கம், அயர்லாந்துக்கு பாக்சிங்ல முதல் ஒலிம்பிக் தங்கமே அதுதான், ஃபைனல்ல கியூபாக்காரரை ஜெயிச்சாரு. அதே ஒலிம்பிக்ல வெய்ன் மெக்கல்லோ பெல்ஃபாஸ்ட்காரர், அவருக்கு வெள்ளிதான். ரெண்டு பேரும் ப்ரோ ஆனாங்க. தங்கம் வாங்குனவரு 1997 ல ஜெர்மனி போய், பெல்ட் குடுக்கிற அந்த நாலு அமைப்புல ஒண்ணான டபிள்யூ.பி.ஓ. பட்டத்துக்கு ஆடி தோத்துட்டு வந்தாரு. வெள்ளி வாங்குனவரு 1995 ல ஜப்பான் போய், அவங்க ஊரு சாம்பியனை அவங்க ஊருலயே ஜெயிச்சு, இன்னொரு அமைப்பான டபிள்யூ.பி.சி.யோட பட்டத்தைத் தூக்கிட்டு வந்தாரு. விடாம முன்னால போய் அடிக்கிற மெக்கல்லோவோட ஆட்டம் நீள சண்டைக்கு பொருந்துச்சு, பாயிண்டு கணக்குல கெட்டிக்காரரான கரூத்துக்கு அந்த அளவுக்கு பொருந்தல. மெடலோட கலரை வச்சு ப்ரோ வாழ்க்கையைச் சொல்ல முடியாதுங்கிறதுக்கு இதை விட சாட்சி வேண்டாம்.

மைக்கேல் கான்லன் இன்னொருத்தர், அவரும் பெல்ஃபாஸ்ட். லண்டன்ல வெண்கலம், 2015 ல தோஹாவுல உலக சாம்பியன். 2016 ரியோ ஒலிம்பிக்ல ரஷ்யாவோட நிகிடின் கூட ஆடுன சண்டையில அநியாயமா தோக்கடிச்சாங்க, கோவத்துல ஜட்ஜுகளைப் பாத்து விரலைக் காட்டிட்டு வந்தாரு, அது உலகம் பூரா போச்சு. அந்த ரியோ ஜட்ஜுமெண்ட் எவ்வளவு மோசடின்னு 2021 ல மெக்லாரன் விசாரணை அறிக்கையிலயே வந்துட்டு. அவரு 2017 மார்ச் 17, செயின்ட் பேட்ரிக்ஸ் டே அன்னைக்கு நியூயார்க்ல ப்ரோ ஆனாரு, 2019 ல அதே நிகிடினை ப்ரோவுல ஜெயிச்சாரு. எல்லாம் கனவு மாதிரி போச்சு. 2022 மார்ச்ல நாட்டிங்ஹாம்ல லீ வுட் கூட உலகப் பட்டச் சண்டை, கடைசி ரவுண்டு வரைக்கும் கணக்குல முன்னால இருந்தவரு, அந்தக் கடைசி ரவுண்டுல அடி வாங்கி கயித்துக்கு வெளிய விழுந்தாரு. அடுத்த வருஷம் பெல்ஃபாஸ்ட்ல இன்னொரு பட்டச் சண்டை, அதுவும் போச்சு. இவ்வளவு திறமைக்கும் இதுதான் கதை.

சின்ன வயசுல போய் ஜெயிச்சவங்களும் உண்டு, மறைக்க மாட்டேன். பாரி மெக்கிகன் 17 வயசுல காமன்வெல்த் தங்கம், 1981 ல ப்ரோ, 1985 ஜூன்ல லண்டன்ல ஃபுட்பால் மைதானத்துல வச்சு பெட்ரோசாவை ஜெயிச்சு உலக சாம்பியன். ஆனா அவருக்கு முதுகுக்குப் பின்னால டிக்கெட் வாங்க ஒரு தேசமே நின்னுச்சு தாயி. உனக்கு டிக்கெட் வாங்க ஆரு நிக்கா? அயர்லாந்து, இங்கிலாந்துல சின்ன ஹால் சண்டையில புது பாக்சர் தானே சொந்தக்காரன், கூட்டாளிகிட்ட டிக்கெட் வித்துத்தான் தன் சம்பளத்தைத் தேத்துவாரு. அதுலயும் கோச்சுக்கு ஒரு பங்கு, மேனேஜருக்கு அதை விட பெரிய பங்கு போவும். நம்ம நாட்டுல பெண்களுக்கு அந்த மாதிரி சின்ன ஹால் சண்டையே வரிசையா நடக்கிறது கிடையாது. லட்சக்கணக்குன்னு சொன்ன ஆளுகிட்ட மூணே மூணு கேள்வி கேளு: வருஷத்துக்கு எத்தனை சண்டை, யாரு கூட, அடிபட்டா ஆஸ்பத்திரி செலவு யாரு. எழுத்துல குடுக்கச் சொல்லு. காண்ட்ராக்டை வக்கீலைக் காட்டாம கையெழுத்துப் போடவே கூடாது, அது எத்தனை வருஷத்துக்குன்னு பாக்காமலும் போடக்கூடாது.

தங்கச்சி, நம்ம ஊருல அமெச்சூர் பாக்சருக்கு இருக்கிற பெரிய பலம் வேலை. ரயில்வே, போலீஸ், ராணுவம்னு விளையாட்டு கோட்டா உண்டு, தமிழ்நாடு அரசு வேலையிலயும் விளையாட்டுக்காரங்களுக்கு 3 சதவீதம் ஒதுக்கீடு உண்டு. அதுக்கு மெடலும் சர்டிபிகேட்டும் வேணும், டிகிரியும் வேணும். நம்ம நாட்டு பாக்சர் விஜேந்தர் சிங் 2015 ல ப்ரோ ஆனப்போ கையில ஒலிம்பிக் வெண்கலம் இருந்துச்சு, ஹரியானா போலீஸ்ல டி.எஸ்.பி. வேலையும் இருந்துச்சு. இன்னொரு நம்ம பாக்சர் விகாஸ் கிருஷன் ப்ரோவுக்குப் போய் அமெரிக்காவுல ரெண்டு சண்டை ஆடிட்டு, திரும்பி வந்து டோக்கியோ ஒலிம்பிக்குக்கும் தகுதி வாங்குனாரு. அதனால கதவு அப்படியே சாத்திக்கிடாது, ஆனா அவங்க எல்லாம் காலு ஊன ஒரு இடம் வச்சுக்கிட்டுத்தான் எட்டி வச்சாங்க.

ப்ரோவே போகாம இருந்தவியளையும் சொல்லுதேன். கெல்லி ஹாரிங்டன், டப்ளின், கேட்டி ஆடுன அதே 60 கிலோ. டோக்கியோவுல தங்கம், 2024 பாரிஸ்ல மறுபடியும் தங்கம். ரெண்டு ஒலிம்பிக் தங்கம் வாங்குன காலத்துலயும் டப்ளின்ல ஒரு மனநல ஆஸ்பத்திரியில துப்புரவு வேலை பாத்துக்கிட்டே இருந்தாவ, ப்ரோ பக்கம் போகல. அயர்லாந்துல அவியளை கேட்டிக்கு ஒரு படி கீழன்னு ஒருத்தரும் நினைக்கிறது இல்ல. கேட்டி படத்துக்குப் பக்கத்துல இவிய படத்தையும் ஒட்டச் சொல்லுங்க.

இப்ப பிள்ள செய்ய வேண்டியது: அந்த ரெண்டு வெள்ளி ஃபைனல் வீடியோவையும் கோச் கூட உக்காந்து பாக்கணும், எங்க தோத்தோம்னு. பல்கலைக்கழக போட்டி, நேஷனல்னு ஏறணும். நேஷனல்ல ரெண்டு மூணு வருஷம் ஆடி, நம்ம நாட்டு முதல் வரிசைப் பொண்ணுக கூட மோதிப் பாத்த பொறவு ப்ரோ பத்தி எனக்கு மறுபடியும் எழுதச் சொல்லுங்க, அப்போ வேற பதில் சொன்னாலும் சொல்லுவேன்.

ரியோ ஒலிம்பிக்ல தோத்த பொறவு கேட்டி எப்படி எழுந்து வந்தாங்க? எனக்கு அந்த மாதிரி ஒரு தோல்வி வந்திருக்கு, அதான் கேக்கேன்.
- கல்லூரி மாணவி, சங்கரன்கோவில்

ரியோவுல அவிய காலிறுதியிலயே பின்லாந்தோட மீரா போட்கோனென்கிட்ட தோத்தாவ தாயி. அந்த வருஷம் அவியளுக்கு தோல்வி ஒண்ணு மேல ஒண்ணா வந்துச்சு. அதுக்கு முன்னாலயே குடும்பத்துல பிரிவு, சின்ன வயசுல இருந்து மூலையில நின்ன அப்பா கோச்சா கூட இல்ல. பேட்டி குடுக்க வந்து நின்னப்போ பேச முடியாம அழுதாவ. அழுகையை அடக்கணும்னு ஒண்ணும் இல்ல.

அவிய ரொம்ப பக்தியான கிறிஸ்தவப் பிள்ள, பைபிள்ல சங்கீதம் 18 அவியளுக்கு உசிரு, ரிங்குக்கு போட்டுக்கிட்டு வார உடையிலயே அதை எழுதி வச்சிருப்பாவ, அம்மாவோட ஜெபம் இல்லாம சண்டைக்குப் போகமாட்டாவ. அது ஒரு தூண். இன்னொண்ணு, ரியோ முடிஞ்சு மூணே மாசத்துல புது ஊரு, புது கோச், புது விதமான சண்டைன்னு மாத்திக்கிட்டாவ.

ஆனா எனக்கு ரியோவை விட பெருசா தெரியுறது 2023. ப்ரோவுல அதுவரைக்கும் தோக்கவே இல்ல, அயர்லாந்து மண்ணுல ப்ரோவா ஆடுத முதல் சண்டை, மே 20, டப்ளின். செரானோ அடிபட்டு விலகிட்டாவ, அதுக்குப் பதிலா ஒரு எடைப்பிரிவு மேல போய் இங்கிலாந்து பாக்சர் சான்டெல் கேமரோனோட பட்டத்துக்கு ஆடுதேன்னு இவியளே ஒத்துக்கிட்டாவ. சொந்த ஜனத்துக்கு முன்னால தோத்தாவ, 95-95, 96-94, 96-94. சுலபமான ஆளு கூட ஒண்ணு ரெண்டு சண்டை ஆடி மனசைத் தேத்திக்கிட்டு வந்திருக்கலாம். ஆறே மாசத்துல, நவம்பர் 25, அதே டப்ளின், அதே அரங்கம், அதே கேமரோன். ஜெயிச்சாவ. அதோட ரெண்டு எடைப்பிரிவுல நாலு பெல்ட்டும் வச்சிருந்தவங்கன்னு ஆச்சு.

உன்னை ஜெயிச்சவ கூட மறுபடி ஆட வாய்ப்பு கிடைச்சா தட்டிக் கழிக்காத. அதுக்கு முன்னால தூங்கு, சாப்பிடு, அம்மாகிட்ட பேசு. லெட்டர்ல எழுதாதது ஏதும் இருந்தா எனக்கு தனியா எழுது, அச்சுல போட மாட்டேன்.

நான் கபடி பிளேயர், 21 வயசு. பாக்சிங் தொடங்க நேரம் கடந்துட்டா? எங்க போய் கேக்கணும்?
- நாங்குநேரி வாசகர்

கடக்கல தம்பி, 19 ல இருந்து 40 வரைக்கும் பெரியவங்க பிரிவுதான். உலக சாம்பியன் ஆகணும்னா நேரம் இறுக்கம், கத்துக்கணும்னா தாராளமா இருக்கு. ரைடு போற ஆளா இருந்தா உங்களுக்கு காலு ஏற்கனவே பழகியிருக்கும், எட்டி தொட்டுட்டு பின்வாங்குற அந்த அசைவு, முன்கையை நேரா நீட்டிக் குத்துற ஜாப்புக்கு அப்படியே உதவும். ஆனா கபடியில குனிஞ்சே நிப்பீங்க, இங்க தாடையை உள்ள இழுத்து நிமிந்து நிக்கணும், அதை மாத்துறதுக்குத்தான் நாள் பிடிக்கும்.

பாளை அண்ணா ஸ்டேடியத்துல மாவட்ட விளையாட்டு ஆபீஸ் இருக்கு, நேர்ல போய் பாக்சிங் கோச்சிங் யாரு குடுக்கிறாங்கன்னு கேளுங்க. சேருறதுக்கு முன்னால ஒரு நாள் சும்மா ஓரமா உக்காந்து பாருங்க. முதல் மாசத்துலயே புது ஆளை ரிங்ல ஏத்தி பெரிய ஆளு கூட மோதவிடுற இடம்னா திரும்பி வந்துருங்க. தலையில அடிபட்டு சண்டை நிறுத்துனா குறைஞ்சது 30 நாள் குத்து வாங்கக் கூடாதுங்கிறது விதி, மூணு மாசத்துக்குள்ள ரெண்டாவது தடவைன்னா 90 நாள். அந்த விதியை கோச்கிட்ட கேளுங்க, பதில் சொல்லுற விதத்துலயே ஆளு எப்படின்னு தெரிஞ்சிரும்.

சாமான்னு பெருசா வேண்டாம், ஸ்கிப்பிங் கயிறு, பல்லைக் காக்க வாயில வைக்கிற மவுத் கார்டு, க்ளவுஸுக்குள்ள கையில சுத்துற துணிப்பட்டை ஹேண்ட் ராப் மூணும் சொந்தமா வாங்குங்க, க்ளவுஸ் முதல்ல அங்கனயே இருக்கும். மவுத் கார்டை அடுத்தவங்களுக்கு குடுக்காதீங்க, ஹேண்ட் ராப்பை தெனமும் துவைச்சு வெயில்ல காயப்போடுங்க, வேர்வையோட சுருட்டி பைக்குள்ள வச்சா ஒரே வாரத்துல விரலிடுக்குல சொறி வந்துரும்.